கல்லூரி நூலகத்தில் தமிழ்ப் புத்தகம்: தேடுவது, எடுப்பது, நனையாமல் திருப்பித் தருவது

மொரீஷியஸில் பேருந்தை விட்டு இறங்கி “லிப்ரேரி எங்கே?” என்று கேட்டால் புத்தகக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். பிரெஞ்சிலும் கிரியோலிலும் அந்தச் சொல்லுக்குக் கடை என்றே பொருள். நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் “பிப்லியோதெக்” என்று கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்க வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தடுமாறுவது வேறொரு இடத்தில். நூலகக் கணினியில் தேடுகிறார்கள், “முடிவு எதுவும் இல்லை” என்று வருகிறது, திரும்பிப் போய்விடுகிறார்கள். புத்தகமோ இரண்டு அலமாரி தள்ளித் தட்டிலேயே இருக்கும். அதன் பெயரைக் கேட்டலாக்கில், அதாவது நூலகத்தின் புத்தகப் பட்டியலில், வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் ரெதுயில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மற்றக் கல்லூரி நூலகங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எத்தனை புத்தகம், எத்தனை நாள், எவ்வளவு அபராதம் என்பது நூலகத்துக்கு நூலகம் வேறு. சேர்ந்திருக்கும் படிப்பைப் பொறுத்தும் வேறு. அதனால் கீழே வரும் எண்களைக் கணக்குப் போட்டுக் காட்டும் மாதிரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உரிய எண் கவுண்டரில் ஒட்டியிருக்கும் விதித்தாளில் இருக்கும். அதை முதல் நாளே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை

மாணவர் அட்டை கையில் இருப்பதாலேயே நூலகக் கணக்கு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல இடங்களில் அட்டையை ஒருமுறை கவுண்டரில் காட்டிக் கணக்கைத் தொடங்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, இவற்றைக் கையோடு கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை. கொடுக்கும் மின்னஞ்சல் நீங்கள் தினமும் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். திருப்பித் தரும் நாளை நினைவூட்டும் செய்தியும், முன்பதிவு செய்த புத்தகம் வந்துவிட்டது என்ற செய்தியும் அங்கேதான் வரும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைத் திறக்காமலே ஒரு பருவத்தை ஓட்டிவிட்டு, அபராதம் ஏறிய பிறகு “யாரும் சொல்லவில்லை” என்று கவுண்டரில் நிற்பது வழக்கமான காட்சி.

ஒரு நிறுவனத்தில் வகுப்பும் இன்னொன்றின் பட்டமும் சேர்ந்த படிப்பு உங்களுடையது என்றால், இரண்டு நூலகங்களையும் பயன்படுத்தலாமா, ஒன்றில் உள்ளே உட்கார்ந்து படிக்க மட்டும்தானா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். அட்டையை நண்பருக்குக் கொடுப்பது நல்ல மனசுதான். ஆனால் அந்த அட்டையில் போன புத்தகத்துக்குக் கடைசி வரை பொறுப்பு உங்களுடையது.

கேட்டலாக் தமிழை எப்படிப் பார்க்கிறது

இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கலாம்: தமிழ் எழுத்திலேயே, நூலகர்கள் கையாளும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பு முறையில், அல்லது பதிவு செய்தவர் தம் காதுக்குத் தோன்றியபடி ஆங்கிலத்தில். எந்தப் புத்தகம் எந்த விதத்தில் என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே மூன்றிலும் தேட வேண்டும்.

நூலகர்கள் கையாளும் ரோமன் முறை பார்ப்பது எழுத்தை, ஒலியை அல்ல. க எங்கே வந்தாலும் அதற்கு ‘கே’ எழுத்துதான், ‘ஜி’ கிடையாது. ச எங்கே வந்தாலும் ‘சி’ எழுத்து, ‘எஸ்’ இல்லை. த, ட இரண்டுக்கும் ‘டைம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. ‘டோர்’ என்பதன் முதல் எழுத்து வராது. ப-வுக்குப் ‘பேனா’வின் எழுத்து, ‘பஸ்’ எழுத்து இல்லை. அதனால் சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ஸில் தேடிப் பயனில்லை, ‘சி’யில் தேட வேண்டும். தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பில் காந்தி என்று இருந்தால் அது ‘கே’யில் தொடங்கும், நடுவில் ‘எச்’ இருக்காது. பாரதியும் ‘பஸ்’ எழுத்தை விட்டுப் ‘பேனா’ எழுத்துக்குப் போய்விடுவார்.

முழு முறையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாக அடிக்கும் ஆங்கில வடிவத்தை எடுத்துக்கொண்டு இப்படி மாற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ‘எச்’ எழுத்தை எல்லாம் நீக்குங்கள் (ஹ வரும் சொல்லைத் தவிர). நெடிலுக்காக இரண்டு முறை அடித்த உயிரெழுத்தை ஒன்றாக்குங்கள். ‘ஊ’வுக்கு இரண்டு ‘ஓ’ போட்டிருந்தால் ஒரு ‘யு’, ‘ஈ’க்கு இரண்டு ‘ஈ’ போட்டிருந்தால் ஒரு ‘ஐ’. ழ-வுக்கு ‘இசட்’, ‘எச்’ வேண்டாம், வெறும் ‘எல்’ போதும். காற்று, வரலாற்று போன்ற சொற்களில் ற்ற வருமிடத்தில் நம் விரல் தானாக ‘டீ, ஆர்’ என்று போகும். கேட்டலாக்கில் அங்கே இரண்டு ‘ஆர்’தான். கன்று, இன்று என்பவற்றில் ‘என், டி, ஆர்’ இல்லை, ‘என், ஆர்’. எழுத்தின் மேலும் கீழும் வரும் கோடு, புள்ளிகளை நீங்கள் அடிக்க வேண்டாம். பெரும்பாலான தேடல் மென்பொருள்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்த பொறி ஒற்று. “தமிழ்ச் சிறுகதை” என்று இருந்தால் அந்தச் ‘ச்’ முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் பதிவாகும். கணினிக்கு ‘தமிழ்’ ஒரு சொல், ‘தமிழ்ச்’ இன்னொரு சொல், ‘தமிழ்க்’ மூன்றாவது. ‘தமிழ்’ என்று மட்டும் தேடினால் மற்ற இரண்டும் வெளியே வராது. சொல்லின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அது “இதற்குப் பின் எது வந்தாலும் சரி” என்று கணினிக்குச் சொல்லும். சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் இதே தொல்லைதான். “தமிழிலக்கிய வரலாறு”, “தமிழ் இலக்கிய வரலாறு” இரண்டையும் அடித்துப் பாருங்கள். அல்லது சிக்கலில்லாத சொல்லை, இங்கே ‘வரலாறு’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு ஆசிரியர் பெயரைச் சேருங்கள்.

தமிழ் எழுத்திலேயே தேடும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக அடித்தால் திரையில் ஒரே மாதிரி தெரியும். சில மென்பொருளுக்கு அது வேறு எழுத்து. ‘ஔ’ எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்திருப்பார்கள். ஔவையாரைத் தேடி வராவிட்டால் ‘அவ்வை’ என்றும் பாருங்கள். தலைப்பு முழுவதையும் அடிப்பதைவிட நடுவிலிருந்து ஒரு அரிதான சொல்லை மட்டும் அடிப்பது நல்லது. சொற்கள் கூடக்கூடப் பிழையும் கூடும்.

ஆசிரியர் பெயருக்கு வருவோம். தலைப்பெழுத்தை முன்னால் போட்டு எழுதுவது நம் வழக்கம்; கேட்டலாக் அதைப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடும். புனைபெயரும் இயற்பெயரும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கவும் கூடும். மொரீஷியஸ் ஆசிரியர் என்றால் கதையே வேறு. இங்கே தமிழ்ப் பெயர்கள் பதிவேட்டில் ஏறியது பிரெஞ்சுக் காதுக்கும் ஆங்கிலக் கைக்கும் ஏற்றபடி. முத்துசாமி ‘எம்’முக்குப் பின் இரண்டு ‘ஓ’வோடு இருப்பார். சுப்பிரமணியன் ‘எஸ்’ஸுக்குப் பின் இரண்டு ‘ஓ’ போட்டு, முடிவில் ‘ஐ, ஈ, என்’ என்று நிற்பார். அது அவர்களுடைய சட்டபூர்வமான பெயர். ஆகவே அப்படியே தேட வேண்டும். நாம் “திருத்தி” அடித்தால் ஆள் அகப்படமாட்டார்.

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பொருள் தலைப்பில், அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் கொடுக்கும் தலைப்பில் தேடுங்கள். புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் பொருள் தலைப்பைப் பெரும்பாலான நூலகங்கள் ஆங்கிலத்தில்தான் கொடுக்கின்றன. ‘டமில் பொயட்ரி’, அதன்பின் ‘ஹிஸ்டரி அண்ட் கிரிட்டிசிசம்’ என்ற வாய்பாட்டில். அறிந்த ஒரு புத்தகத்தின் பதிவைத் திறந்து, அதிலுள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் போதும். அதே வகையில் நூலகத்தில் உள்ளவை வரிசையாக வந்து நிற்கும். எழுத்துப்பெயர்ப்புச் சண்டைகளிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல குறுக்குவழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரும் தனி அடையாள எண்) கையில் இருந்தால் அதுவே நேர்வழி. இந்தியப் புத்தகங்களில் 978-க்குப் பின் 81 அல்லது 93 வரும். மொரீஷியஸ் வெளியீடுகளில் 99903 அல்லது 99949. 2007-க்கு முந்தையவற்றில் 10 இலக்கமே இருக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் எண்ணே இராது, அதனால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சில புத்தகங்களில் வெளியான ஆண்டு திருவள்ளுவர் ஆண்டில் மட்டும் இருக்கும். அதிலிருந்து 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு: 2040 என்று கண்டால் 2009. கட்டுரையின் நூற்பட்டியலில் எதிர்கால ஆண்டைப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள் இந்தக் கழித்தலை மறந்தவர்கள்.

தட்டுக்குப் போவது

கணினியில் கண்டதும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அழைப்பெண் (புத்தகம் தட்டில் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்) முழுவதும், அது எந்தப் பிரிவில் இருக்கிறது, இப்போது உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா. பலர் அழைப்பெண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்ப் பொதுத் தட்டில் அரைமணி நேரம் தேடுவார்கள். புத்தகமோ அங்கேயே பார்க்க மட்டும் தரும் குறிப்புதவிப் பிரிவில் இருக்கும்.

பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் தூயி தசம முறையில் தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. அதற்குப் பின் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. ஆகவே 894.8113 என்றால் நாவலும் சிறுகதையும். மலையாள இலக்கியம் 894.812, தெலுங்கு 894.827. இந்தி இந்தப் பக்கமே வராது, அது 891.43. மொரீஷியஸ் வரலாறு 969.82, பக்கத்துத் தீவு ரெயூனியன் 969.81.

புள்ளிக்குப் பின் வருவதைப் பின்னமாகப் படிக்க வேண்டும், முழு எண்ணாக அல்ல. 894.82 சின்ன எண் போலத் தெரியும்; தட்டில் அது 894.8113-க்குப் பின்னால்தான் வரும். ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்: 8-க்கு 8, அடுத்தது 1-ஆ 2-ஆ, 1 முதலில், 2 பிறகு. எண் ஒன்றாக இருந்தால் கீழே உள்ள மூன்று எழுத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் தொடக்கம். எந்தப் பெயரின் தொடக்கம் என்பதில்தான் மேலே சொன்ன தலைப்பெழுத்து, ‘சி’-‘எஸ்’ குழப்பங்கள் மறுபடி எட்டிப் பார்க்கும்.

இங்குள்ள தட்டுகளில் கழுத்து வலிக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழாக ஓடும். பிரெஞ்சுப் புத்தகங்களில் கீழிருந்து மேலாக. மொரீஷியஸ் வரலாற்றுத் தட்டில் இரண்டும் கலந்து நிற்பதால் தலையை வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பவர் பிரெஞ்சுப் புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுவார். முதுகின் அடியிலுள்ள அழைப்பெண் சீட்டை மட்டும் பார்த்து நடந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் புத்தகங்களில் மெல்லியவை நிறைய. முதுகே இல்லாதது போன்ற 60, 70 பக்க வெளியீடுகளுக்குச் சீட்டை முன் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே அது கண்ணில் படாது. இருக்க வேண்டிய இடத்தில் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். தட்டின் பின்பக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னும் கிடைக்கவில்லையா? இடமும் வலமும் ஐந்தைந்து புத்தகம், மேல் தட்டு, கீழ்த் தட்டு, படித்துவிட்டு மேசையில் விட்டுப் போனவை, திருப்பி அடுக்கும் தள்ளுவண்டி. இவ்வளவுக்கும் பிறகு கவுண்டரில் சொல்லுங்கள், “தேடித் தரவும்” என்ற குறிப்பில் உங்கள் பெயர் ஏறும். எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே தட்டில் வைக்காதீர்கள். தவறான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். மேசையில் விடுங்கள், ஊழியர் பார்த்துக்கொள்வார்.

கவுண்டரில்

நீட்டுவதற்கு முன் புத்தகத்தை ஒரு நிமிடம் புரட்டுங்கள். பக்கம் கிழிந்திருக்கிறதா, பக்கக் கட்டு கழன்றிருக்கிறதா, பேனாக் கோடு இருக்கிறதா, ஈரத்தில் அலையடித்திருக்கிறதா. இருந்தால் அப்போதே காட்டி, பின் அட்டையின் உள்ளே பென்சிலில் குறித்துத் தரச் சொல்லுங்கள். திருப்பித் தரும் நாளில் காட்டினால் நீங்கள் செய்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தேதி முத்திரை இங்கே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. தானியங்கி எந்திரத்தில் பதிபவர்கள் ரசீதில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லிய புத்தகம் இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்று மட்டும் பதிவாகி, வாசலில் மணி அடிக்கும்.

அபராதம் புத்தகத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று பெருகும். நாளுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4 புத்தகம் 10 நாள் தாமதம் 200 ரூபாய். விடுமுறை நாட்களைச் சேர்த்து எண்ணுவார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1, 2, தைப்பூசக் காவடி, பிப்ரவரி 1, மகா சிவராத்திரி, மார்ச் 12 என்று ஆண்டின் தொடக்கத்தில் பொது விடுமுறைகள் நெருங்கி வரும். நவம்பர் 2-ஐயும் கவனியுங்கள்; சில ஆண்டுகளில் நவம்பர் 1-உம் விடுமுறை. காவடிக்கு முந்தைய நாள் மாலை கவுண்டரில் போய் நிற்பதைவிட அந்த வாரத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது சுகம்.

புதுப்பிப்பது கெடு முடிவதற்குள். கெடு தாண்டிவிட்டால் கணினி மறுக்கும். வேறு யாராவது முன்பதிவு செய்திருந்தாலும் மறுக்கும். அதனால் கடைசி நாள் இரவு முயலாமல் இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். மறுத்தாலும் கொண்டுவந்து கொடுக்க நேரம் இருக்கும். நீங்கள் முன்பதிவு செய்த புத்தகம் வந்துவிட்டால் சில நாட்கள்தான் தனியாக வைத்திருப்பார்கள், பிறகு அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆசிரியர் பாடத்துக்குக் கட்டாயம் என்று சொன்ன புத்தகங்கள் குறுங்காலக் கடன் பிரிவில் இருக்கும், கவுண்டருக்குப் பின்னால். இரண்டு மணி நேரமோ ஒரு இரவோ தருவார்கள். அபராதமும் மணிக் கணக்கில். இரவுக் கடனை வெள்ளிக்கிழமை மாலை மூடும் நேரத்தில் எடுத்தால் சில நூலகங்களில் அடுத்த வேலைநாள் காலை வரை கையில் இருக்கும். அந்த மாலை கூட்டம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளியே தராதவை

அகராதி, கலைக்களஞ்சியம், கட்டிய இதழ்த் தொகுதிகள், ஆய்வேடுகள், அரிய நூல்கள் வெளியே போகா. ஆய்வேட்டை அங்கேயே படித்துக் குறிப்பெடுக்க வேண்டும், படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நகலெடுப்பதைப் பொறுத்தவரை ஒரு கட்டுரை, ஒரு அத்தியாயம் என்ற அளவில் மறுப்பு இருக்காது. முழுப் புத்தகத்தையும் எடுத்துத் தரச் சொன்னால் மறுப்பார்கள்; 2014-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் நூலகப் புத்தகங்களைப் போல அல்ல. அது ஆவணக் காப்பகம். பாட்டன் பூட்டன் எந்தக் கப்பலில் வந்தார் என்று தேட வருபவர்கள் பெயரை மட்டும் கொண்டுவந்தால் போதாது. ஒரே பெயரில் எத்தனையோ ராமசாமிகள். குடும்பத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் குடியேறியவரின் எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். எண் இருந்தால் தேடல் குறுகிவிடும்.

இங்கே இல்லாவிட்டால்

நூலகங்களுக்கிடையிலான கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, பக்க எண், ஐஎஸ்பிஎன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கடல் கடந்து வருவதற்கு வாரங்கள் ஆகும், அஞ்சல் செலவு உங்கள் தலையில் விழலாம். ஒரு அத்தியாயம் மட்டும் போதும் என்றால் ஸ்கேன் கேளுங்கள், மின்னஞ்சலில் வந்துவிடும்.

அதற்கு முன் இணையத்தில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய அச்சுகளுக்கு நல்லது. இலங்கை வெளியீடுகளுக்கு நூலகம் திட்டம். பழந்தமிழ் நூல்களின் தட்டச்சு வடிவத்துக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம். இதில் எடுத்த பாடத்தை மேற்கோள் காட்டும் முன் அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது, பிழை இருக்கக் கூடும். பழைய எழுத்துருவில் தயாரான பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். அது கோப்பின் கோளாறு, உங்கள் கணினியைச் சந்தேகிக்க வேண்டாம்.

கல்லூரி சந்தா கட்டிய மின்னிதழ்களை வீட்டிலிருந்து திறக்க நூலகத்தின் பக்கம் வழியாகவே போக வேண்டும். தேடுபொறியிலிருந்து நேராகப் போனால் இதழ் உங்களைக் கல்லூரி ஆளாகப் பார்க்காது, பணம் கேட்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் தரவிறக்காதீர்கள். வெளியீட்டாளர் அதைத் திருட்டாகக் கருதிக் கல்லூரி முழுவதற்கும் வாசலை அடைத்துவிடுவார்.

மழையும் புயலும்

மோக்கா, ரெதுய் பக்கம் மழை சொல்லிக்கொண்டு வராது. கடலோரத்தில் வெயில் அடிக்கும்போதே இங்கே தூறிக்கொண்டிருக்கும். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலைப் பையின் வெளிப்பக்கம் வையுங்கள். புத்தகங்களைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வகுப்பு வரை ஏறும். கல்லூரி மூடினால் நூலகமும் மூடும்; அந்த நாட்களுக்குக் கெடுவை நீட்டித்தார்களா என்று திறந்ததும் பாருங்கள், தானாக நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். வீட்டில் புத்தகங்களைத் தரையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காமல் உறையில் கட்டி உள்சுவர் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

நனைந்துவிட்டால் அவசரப்பட்டு வெயிலில் காயவைக்காதீர்கள். அட்டை வளைந்து தாள் மொறுமொறுப்பாகிவிடும். முடி உலர்த்தும் கருவி, இஸ்திரிப் பெட்டி இரண்டும் கூடாது.

1. புத்தகத்தை மூடியபடியே மெல்ல அழுத்தி நீரை வடியுங்கள். ஈரப் பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம்.
2. 20, 30 பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைச் சமையலறைக் காகிதத்தைச் செருகுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள்.
3. ஈரம் குறைந்ததும் விசிறி போல விரித்து நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் அறைக்குள் சுழலும்படி வையுங்கள்.
4. லேசான ஈரம் மாத்திரம் மிஞ்சியபின் தட்டையாக வைத்து மேலே கனமான பொருளை ஏற்றுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் காயாது என்று தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்து, நூலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். குளிரில் பூஞ்சை வளராது, பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். படங்கள் உள்ள வழவழப்பான தாள் என்றால் சில மணி நேரத்திலேயே பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அதை அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கிழிசலுக்கு வீட்டு செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும், பின்னால் எடுக்கவும் வராது.

தொலைந்தால், படிப்பு முடிந்தால்

தொலைந்தது தெரிந்த அன்றே சொன்னால் அபராதம் அத்தோடு நிற்கும் என்பது பல நூலகங்களின் நடைமுறை. அதே பதிப்பை வாங்கித் தரலாமா, விலையும் பதிவுச் செலவும் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். சென்னையில் 150 ரூபாய்க்கு அச்சான புத்தகம் இங்கே வந்து சேர அதைப்போலப் பல மடங்கு ஆகலாம். அதுவும் இந்திய ரூபாய், நீங்கள் கட்டுவது மொரீஷியஸ் ரூபாய். பதிப்பு தீர்ந்துபோனதாக இருந்தால் அதற்கு ஈடான வேறு நூலை ஏற்பார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கி வந்தபின் “இது வேண்டாம்” என்றால் இரட்டைச் செலவு.

கடைசிப் பருவத்தில் நிலுவையில்லாச் சான்று வாங்க வேண்டும். தேர்வு முடிந்த வாரம் எல்லாரும் அங்கே நிற்பார்கள். ஒரு மாதம் முன்பே கணக்கைத் திறந்து பாருங்கள். திருப்பிக் கொடுத்த புத்தகம் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், தட்டில் போய் அதைத் தேடி எடுத்துவந்து கவுண்டரில் வையுங்கள். வெளியே இருப்பதாகக் கணினி சொல்லும் புத்தகம் உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டால் அதன்பின் வாதம் தேவையில்லை. இரவில் போடும் பெட்டியில் போட்டவற்றுக்கு ரசீது கிடையாது. ஆகவே கடைசியாகக் கையில் இருப்பவற்றைக் கவுண்டரில் கையோடு கொடுத்து, உங்கள் கணக்கில் பூஜ்யம் என்று திரையில் பார்த்தபின் அட்டையை ஒப்படையுங்கள்.